மடிப்பு எந்தப் பக்கம்?

2023 கோடையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பிடவே இடம் இருக்காது. ஒரு பாதியில் என் தையல் மெஷின், மறுபாதியில் மகளின் லேப்டாப். டாலஸ் வெயிலுக்கு வெளியே போகவும் முடியாது. அவள் பல் மருத்துவக் கல்லூரிக்காக டிஏடி என்ற நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். உயிரியல், வேதியியல் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளை அழ வைத்தது 'பேட்' என்ற பகுதி.

அதில் மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லை. எல்லாம் படங்கள்தான். ஆறு வகை, வகைக்கு 15 கேள்வி, மொத்தம் 90. நேரம் 60 நிமிடம். ஒரு கேள்விக்கு 40 வினாடி! கேள்வி 90 என்றாலும் மதிப்பெண்ணை அப்போது 30க்குத்தான் போட்டார்கள். முதல் மாதிரித் தேர்வில் 17 வந்தது. "என் கண்ணே சரியில்லம்மா" என்று லேப்டாப்பை மூடிவிட்டாள்.

பல் பிடுங்குவதற்கும் படப் புதிருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் கோபம். அப்புறம்தான் யோசித்தேன். வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டு, அதில் தலைகீழாகத் தெரிகிற பல்லைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறவர்கள் அல்லவா அவர்கள்? முன்பெல்லாம் இந்தத் தேர்வில் சாக்குக்கட்டியைக் கொடுத்துச் செதுக்கச் சொல்வார்களாம். அதை எடுத்துவிட்டு வைத்ததுதான் இந்தப் படங்கள்.

ஒரு நாள் ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் செய்தபடி அவள் திரையை எட்டிப் பார்த்தேன். ஒரு சதுரக் காகிதம். வலப்பக்கத்தை இடப்பக்கம் மடித்து, மேலிருந்து கீழே இன்னொரு மடிப்பு. மிச்சமான சின்னச் சதுரத்தின் மேல் வலது மூலையில் ஒரு ஓட்டை. விரித்தால் எப்படி இருக்கும்?

"நடுவுல நாலு ஓட்டை" என்றேன்.

அவள் பதிலைத் திறந்து பார்த்தாள். சரி. "எப்படிம்மா?"

எப்படி என்றால், பத்தொன்பது வயதில் கும்பகோணத்தில் தையல் கிளாஸ் போனபோது நான் பட்ட பாடுதான். அம்ப்ரெல்லா கவுனுக்குத் துணியை நான்காக மடித்து, மூலையில் கால் வட்டம் போட்டு இடுப்பு வெட்ட வேண்டும். நான் அவசரத்தில் எதிர் மூலையில் கத்தரி வைத்துவிட்டேன். விரித்தால் நடுவில் ஒன்றும் இல்லை, துணியின் நான்கு மூலையும் எலி கடித்த மாதிரி. டீச்சர் திட்டவில்லை. "கீழ்ச்சுற்று வெட்டறப்ப அந்த மூலை எப்படியும் போறதுதான். ஆனா இனிமே கத்தரியைத் தொடறதுக்கு முன்னாடி மடிப்பு எந்தப் பக்கம், பிரிஞ்சிருக்கிற ஓரம் எந்தப் பக்கம்னு தடவிப் பாரு" என்றார். அன்றிலிருந்து தடவிப் பார்க்காமல் நான் துணி வெட்டியதில்லை.

மகளுக்கும் அதையே சொன்னேன். மடிப்புப் பக்கம் விழுந்த ஓட்டை விரித்தால் ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்கும், பிரிந்த பக்கம் விழுந்தது ஆளுக்கொரு மூலையாக விலகிப் போகும். முதல் இரண்டு வாரம் பழைய லைனிங் துணியை மடித்து ஊசி குத்தி விரித்துப் பார்த்தோம். பிறகு அவளே நிறுத்திவிட்டாள். தேர்வு அறையில் காகிதம் தரமாட்டார்கள், பிளாஸ்டிக் பலகையும் மார்க்கரும்தான், மடிக்க வழியில்லை. அதனால் நாலுக்கு நாலு கட்டம் போட்டு, கடைசி மடிப்பிலிருந்து பின்னோக்கிப் புள்ளி வைத்துப் பழகினாள்.

கோணங்களில் நான் முட்டாள். நான்கு கோணத்தைச் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்க வேண்டும். கை நீளமாக இருக்கிற கோணம்தான் பெரியது என்று என் கண் சத்தியம் செய்யும். அதற்கும் கடைசியில் கத்தரிக்கோல்தான் உதவியது. பெரிய கத்தரியையும் நூல் வெட்டும் குட்டிக் கத்தரியையும் ஒரே அளவு திறந்து மேசையில் வைத்தேன். பெரியதின் நுனிகள் எவ்வளவோ விலகி நின்றன, திறப்பு என்னவோ ஒன்றேதான். "நுனியைப் பாக்காத, திருகாணியைப் பாரு" என்றேன். அவள் பிடித்துக்கொண்டாள். எனக்கு இன்றும் வரவில்லை.

கட்டைகளை எண்ணுவதற்குப் பரணிலிருந்து அவளுடைய பழைய மரக்கட்டைகளை இறக்கினோம். கட்டைகளை ஒட்டி, தரையில் படும் அடிப்பக்கம் தவிர எல்லாப் பக்கமும் வண்ணம் அடித்ததாக வைத்துக்கொண்டு, இரண்டு பக்கம் வண்ணம் பட்டவை எத்தனை, மூன்று பட்டவை எத்தனை என்று கேட்பார்கள். அவள் பூஜ்யம் முதல் ஐந்து வரை ஒரு சின்ன அட்டவணை போட்டு ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு கோடு இழுப்பாள். கோடுகளின் மொத்தம் கட்டைகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்போனால் மேலே போகலாம். பாதி நாள் அடிப்பக்கத்தையும் சேர்த்து எண்ணித் தப்பு விடுவாள். பொருள் எந்தத் துளைக்குள் நுழையும், மேலிருந்தும் முன்னாலிருந்தும் பார்த்த படத்தை வைத்துப் பக்கவாட்டுப் படம் எது என்ற இரண்டு வகையிலும் நான் வாயைத் திறக்கவே இல்லை.

தேர்வில் வரிசையாகப் போகாமல் 31வது கேள்விக்குத் தாவிவிட வேண்டும் என்பது அவள் கண்டுபிடித்தது. கோணம், ஓட்டை, கட்டை எல்லாம் அங்கிருந்து தொடங்கும். சீக்கிரம் முடிகிறதை முடித்துவிட்டு, துளைக்குள் நுழைகிற சமாச்சாரத்துக்குக் கடைசியில் திரும்பி வரலாம். குக்கருக்கு வைக்கிற டைமரைத் தினமும் அவளே எடுத்துக்கொண்டதில் இரண்டு நாள் பருப்பு குழைந்துபோனது.

ஆகஸ்ட்டில் எழுதினாள். பேட்டில் 30க்கு 21 வந்தது. இப்போது அந்த 30 கணக்கே இல்லை. 2025 மார்ச்சிலிருந்து 200 முதல் 600 வரை மதிப்பெண் போடுகிறார்கள். அன்று தேர்வு முடிந்து வெளியே வந்ததும் காரில் ஏறி, "ஓட்டை பதினஞ்சும் சரின்னு நெனைக்கிறேன், கோணம் தெரியல" என்றாள். "பசிக்குது" என்றும் சொன்னாள்.

இப்போது கல்லூரியில் இருக்கிறாள். போன விடுமுறைக்கு வந்தபோது மெழுகுக் கட்டியில் கடைவாய்ப்பல் செதுக்கிப் பழகினாள். அதற்கு வீட்டில் வேறு இடமே கிடைக்கவில்லை போல. நான் துணி வெட்டும் மேசை முழுக்க மெழுகுத் துருவல். இஸ்திரிப் பெட்டியின் அடியிலும் கொஞ்சம் ஒட்டி, ஒரு பட்டு ஜாக்கெட்டின் கையில் வட்டமாகக் கறை போட்டுவிட்டது. அதை எடுக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.