பிரிப்பதா, அப்படியே வைப்பதா?

ஜூன் 14, 2025, சனி

சியாட்டிலை ஒட்டிய பெல்வியூவில் பக்கத்துத் தெரு கராஜ் சேலில், ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் கார்டுகள் உள்ள, பிரிக்காத பாக்கெட்டுகள் சில கிடைத்தன. 1989 அப்பர் டெக், அந்தக் கம்பெனி போட்ட முதல் செட். "இப்பவே பிரிக்கலாம்ப்பா" என்று மகன் காரிலேயே ஆரம்பித்துவிட்டான். நான்தான் பொறு என்று வாங்கி வைத்தேன்.

இந்த செட்டின் 1-ஆம் எண் கார்டு கென் கிரிஃபி ஜூனியர். எங்கள் சியாட்டில் மரைனர்ஸ் அணியின் செல்லப்பிள்ளை. செட் தயாரானபோது அவர் பெரிய லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. 19 வயதுப் பையனை நம்பி முதல் எண்ணைக் கொடுத்தார்கள். படம்கூட அதற்குக் கீழ்நிலையான மைனர் லீக்கில் எடுத்தது. தொப்பியை மட்டும் மரைனர்ஸ் தொப்பியாக மாற்றி வரைந்தார்கள். 2016-இல் பேஸ்பால் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்கு நடந்த வாக்கெடுப்பில் 440 ஓட்டில் 437 வாங்கினார். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

கணக்குப் போட்டேன். முதலில் வந்த செட்டில் 700 கார்டு, பாக்கெட்டுக்கு 15. கிரிஃபி வர ஏறக்குறைய 47 பாக்கெட்டுக்கு ஒரு வாய்ப்பு. 36 பாக்கெட் கொண்ட முழுப் பெட்டியைப் பிரித்தாலும் உறுதியில்லை. மற்றதில் பெரும்பாலானவை காசு பெறாது. எண்பதுகளின் கடைசியில் கம்பெனிகள் கார்டுகளை அச்சடித்துத் தள்ளின; அந்தக் காலத்துக்கு 'ஜங்க் வாக்ஸ்' (குப்பை மெழுகுத்தாள்) என்றே பெயர். ஆக, பிரிக்காத பாக்கெட்டுக்குக் கொடுக்கும் விலை உள்ளே இருப்பதற்கல்ல, இருக்கலாம் என்பதற்கு. பிரித்த நிமிடம் அது போய்விடும்.

ஜூன் 19, வியாழன்

கார்டு கடைப் பெரியவரிடம் காட்டினேன். ஓரத்து மடிப்பை விரலால் தடவிப் பார்த்து, யாரும் கைவைக்கவில்லை என்றார். பழைய மெழுகுத்தாள் பாக்கெட்டைச் சூடுகாட்டித் திரும்ப ஒட்டிவிடலாம், இது மாதிரி ஃபாயில் பாக்கெட்டில் அது சுலபமில்லையாம். ஆனாலும் உதிரிப் பாக்கெட்டை நம்பிப் பணம் போடக்கூடாது என்றார். ஒரே பெட்டியில் சிலதைப் பிரித்துப் பார்த்தே மீதியில் என்ன வரும் என்று ஊகித்து, நல்லதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விற்பவர்கள் உண்டு. சீல் உடையாத பெட்டிக்கு மதிப்பு அதனால்தான். என்னிடம் இருப்பது உதிரி. வைத்திருக்க எனக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஒன்றைப் பிரித்தோம். பளபளப்புப் பூச்சு உள்ள கார்டுகள், வருஷக்கணக்கில் அழுத்திக் கிடந்ததில் ஓரங்கள் லேசாக ஒட்டியிருந்தன. மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நகர்த்திப் பிரித்தான். ஒவ்வொன்றும் 'டிக்' என்று விட்டது. பின்பக்கம் குட்டி ஹாலோகிராம், போலியைத் தடுக்க.

கிரிஃபி இல்லை. பந்து வீசும் ராண்டி ஜான்சன் இருந்தார், கனடாவின் மாண்ட்ரியல் எக்ஸ்போஸ் அணிச் சட்டையில்! "இவர் நம்ம டீம்தானே?" என்றான். அதே 1989 மே மாதம் தங்கள் ஆட்டக்காரர் மார்க் லாங்ஸ்டனைக் கொடுத்து மரைனர்ஸ் அவரை வாங்கியதைச் சொன்னேன். 6 அடி 10 அங்குல உயரம், அந்தப் பந்து வேகம், எக்ஸ்போஸ் அணியே 2005-இல் வாஷிங்டனுக்குப் போனது என்று பேச்சு சாப்பாடு ஆறும்வரை நீண்டது. பாக்கெட்டை அலமாரியில் பூட்டியிருந்தால் இதெல்லாம் அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

மீதியையும் பிரிக்கப்போகிறோம். மாதம் ஒன்று போதும் என்று அவனே சொல்லிவிட்டான். அடுத்தது ஜூலையில்.