அழற்சியைப் பார்க்க இரண்டு ரயில் பயணம்

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு ஃபேன்சி கடையில் நெயில் பாலிஷ் கேட்டேன். "என்ன கலர்டே?" என்றார் அண்ணாச்சி. கலர் இல்லாதது என்றதும் ஏற இறங்கப் பார்த்தார். சுகர் ஆராய்ச்சிக்கு என்று சொல்லியிருந்தால் இன்னும் மோசமாகப் பார்த்திருப்பார். செல் ஒட்டி வளர்ந்த மெல்லிய கண்ணாடித் துண்டுக்கு கவர்ஸ்லிப் என்று பெயர்; அதன் ஓரத்தை ஸ்லைடோடு ஒட்டி அடைக்க அதுதான் வசதி. கலர் போட்டால் நுண்ணோக்கியில் அதுவும் சேர்ந்து ஒளிர்ந்து தொலைக்கும்.

அழற்சி (இன்ஃப்ளமேஷன்) வந்தால் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் என் பி.எச்டி. வேலை. வளர்த்தது ஐ.என்.எஸ்-1 என்ற எலிச் செல். அது வளரும் திரவத்தில் மெர்காப்டோஎத்தனால் என்ற ரசாயனம் கலக்க வேண்டும்; கூமுட்டை நாற்றம். அம்மா என் சட்டைகளைத் தனி வாளியில்தான் ஊறப்போடுவாள்.

அழற்சியைத் தூண்டும் புரதங்கள்தான் நான் செல்லுக்குப் போடும் மருந்து. ஒரு தட்டில் இன்டர்லூக்கின்-1 பீட்டா அரை மணி நேரம். இன்னொன்றில் இன்டர்ஃபெரான் காமாவும் சேர்த்து 24 மணி நேரம். அப்புறம் 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் செல்லை அப்படியே உறையவைத்து (ஃபிக்ஸ்), தேடும் புரதத்தில் போய் ஒட்டும் ஆன்டிபாடி ஊற்றி, ராத்திரி முழுக்க 4 டிகிரியில் வைத்து, மறுநாள் அதன்மேல் ஒட்டும் ஒளிரும் சாயம் ஏற்றினேன்.

இதைப் பார்க்க கன்ஃபோக்கல் என்ற லேசர் நுண்ணோக்கி வேண்டும்; எங்களிடம் கிடையாது. தெர்மகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுப் பெரியவர் "மீனா தம்பி?" என்று கேட்டார்.

சென்னையில் அந்த நுண்ணோக்கிக்கு மணிக்கு இவ்வளவு என்று காசு. ஆறு ஸ்லைடில் இரண்டில் ஒன்றுமே தெளியவில்லை. கவர்ஸ்லிப்பைத் தலைகீழாகக் கவிழ்த்திருக்கிறேன். செல் ஒட்டிய பக்கம் மேலே! ஊசியால் ஓரத்தில் லேசாகக் கீறினால் எந்தப் பக்கம் செல் என்று தெரிந்துவிடும். அதை அன்றைக்குத்தான் கற்றேன்.

பெரிய தப்பு வேறு. அவசரத்தில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் படம் பளிச்சென்று வரும்வரை, பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயினைத் திருகினேன். ஊருக்கு வந்து அளந்தால், அழற்சி கண்ட செல்லும் காணாத செல்லும் ஒரே பிரகாசம். என் ஆய்வு வழிகாட்டி சார் ஒரே கேள்விதான் கேட்டார்: "எல்லாத்துக்கும் ஒரே கெயின்தானடே வச்ச?" ஒவ்வொரு சரக்குக்கும் வேறு வேறு படிக்கல் வைத்து நிறுத்துவிட்டு, எடை சமம் என்று வந்து நின்றிருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி. இந்த முறை மருந்து படாத, நல்ல பிரகாசமான ஸ்லைடை வைத்து கெயினையும் லேசரையும் ஓர் அளவில் நிலையாக வைத்தேன். அதற்கப்புறம் கை வைக்கவே இல்லை. புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடி போடாமல் சாயம் மட்டும் ஏற்றிய ஸ்லைடு ஒன்றும் கொண்டுபோயிருந்தேன்; சாயம் தானாகக் கண்ட இடத்தில் ஒட்டுகிறதா என்று பார்க்க. அது கறுப்பாக வந்தபோதுதான் மூச்சு வந்தது. பச்சைச் சாயம் லேசரில் வெளுத்துவிடும் என்பதால், உட்கருவின் நீலச் சாயத்தை வைத்தே இடம் தேடினேன்.

என்.எஃப். கப்பா பி என்ற புரதத்துக்குச் சாயம் ஏற்றிய ஸ்லைடு முதலில். மருந்து படாத செல் அச்சு அசல் மெதுவடை: சுற்றிலும் பச்சை, நடுவே உட்கரு இருக்கும் இடம் இருட்டு ஓட்டை. அரை மணி நேரம் மருந்து கண்ட செல்லில் ஓட்டை நிரம்பி, பச்சை முழுக்க உட்கருவுக்குள் ஏறியிருந்தது. அழற்சிக்கான மரபணுக்களை முடுக்கிவிட அந்தப் புரதம் உள்ளே போகிறது. இருபது நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. 24 மணி நேரத் தட்டில் இன்சுலின் புள்ளிகள் நன்றாகவே மங்கியிருந்தன.

அடுத்து மைட்டோகாண்ட்ரியா துண்டுதுண்டாவதை உயிருள்ள செல்லில் பார்க்கச் சொல்கிறார் சார். அதற்கு 37 டிகிரியும் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடும் வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் அந்த வகுப்பு இல்லை.