ரேன்சம்வேர் வந்தால் எத்தனை மணி நேரத்தில் மீள்வோம்? எங்கள் கம்பெனியில் சோதித்துப் பார்த்தோம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை முழுவதையும் நான் ஒருவன்தான் பார்க்கிறேன். ஒரு சர்வர், 38 கம்ப்யூட்டர்கள். போன வருடம் ஆடி மாதம் வெளிநாட்டு பையர் ஒருவர் கேள்விப் பட்டியல் அனுப்பியிருந்தார். ரேன்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், தாக்கினால் எத்தனை மணி நேரத்தில் ஷிப்மென்ட் வேலை மறுபடி தொடங்கும் என்று அதில் ஒரு கேள்வி.

முதலாளி கூப்பிட்டு, "தினமும் பேக்கப் எடுக்கறோமுல்ல தம்பி, நாலு மணி நேரம்னு போட்டுரலாமா?" என்றார். ஒரு வாரம் கொடுங்க சார், பார்த்துட்டுச் சொல்றேன் என்றேன். அந்த ஒரு வாரம் பல வாரமானது.

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தேடியபோது, அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா இலவசமாகத் தரும் சிசெட் என்ற மென்பொருள் கிடைத்தது. ரேன்சம்வேருக்கு எவ்வளவு தயாராக இருக்கிறோம் என்று பார்க்கும் பகுதியை 2021 ஜூனில் அதில் சேர்த்திருக்கிறார்கள். அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படிகள். நான் அடிப்படைப் படியை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதல் நாள் உட்கார்ந்து அதிலுள்ள கேள்விகளுக்குப் பதில் போட்டபோது பாதிக்கு மேல் "ஆம்" விழுந்தது. இரவு வீட்டுக்குப் போன பிறகு மனது ஒப்பவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கண்ணால் பார்த்துச் சோதித்ததற்கு மட்டுமே "ஆம்" என்று வைத்துக்கொண்டேன். இதைச் செய்யப் போகிறவர்களும் அப்படியே தொடங்குங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் போன பிறகு ரீஸ்டோர், அதாவது பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டெடுப்பது, செய்து பார்த்தேன். நெட்வொர்க்கில் சேராத ஒரு பழைய கம்ப்யூட்டரில் புதிதாக விண்டோஸ் போட்டேன். சர்வர் செத்துவிட்டது, கையில் இருப்பது பேக்கப் ஹார்டு டிஸ்க் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டேன். டிஸ்க்கை எடுக்கப் போன இடத்திலேயே முதல் ஓட்டை தெரிந்தது. அது மாதக்கணக்கில் சர்வரிலேயே செருகிக் கிடந்தது. ரேன்சம்வேர் உள்ளே வந்தால் கண்ணில் படும் டிரைவை எல்லாம் பூட்டும். இந்த டிஸ்க்கும் அதோடு போயிருக்கும்.

அப்புறம் டேலி, எங்கள் கணக்கு மென்பொருள். கணக்குப் பார்க்கும் அக்கா ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்காகவே வந்து, மீட்ட டேலியில் எங்கள் கம்பெனிக் கணக்கைத் திறந்து பார்த்தார். "ஏனுங் தம்பி, ஏப்ரலுக்கு அப்புறம் ஒரு பில்லையும் காணோமே?" என்றார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. டேலி ஒவ்வொரு கம்பெனியின் கணக்கையும் ஒரு எண் போட்ட ஃபோல்டரில் வைக்கும். எங்களுடையது 10001. ஏப்ரலில் ஆடிட்டர் ஆபீஸ் சொல்லி வருடக் கணக்கைப் பிரித்தபோது, புதிய வருடத்துக்கு 10003 என்று வேறு ஃபோல்டர் வந்திருக்கிறது. என் பேக்கப் ஸ்கிரிப்ட் பழைய 10001-ஐயே தினமும் நகலெடுத்து, தினமும் "வெற்றி" என்று லாக் எழுதிக்கொண்டிருந்தது. நாலு மாதக் கணக்குக்கு வேறு பிரதி கிடையாது. அந்த லாக்கை நான் தினமும் காலையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

துணி வெட்டுவதற்கான பேட்டர்ன், மார்க்கர் ஃபைல்கள் சரியாக இருந்தன. ஆனால் 1.4 டிபி, பழைய யூஎஸ்பி போர்ட் வழியாக இறங்கி முடிக்க 11 மணி நேரம் ஆனது. நாலு மணி நேரம் என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போனது.

எதை முதலில் எழுப்புவது என்பதை நானாக முடிவு செய்யவில்லை, ஒவ்வொரு பிரிவாகப் போய்க் கேட்டேன். டேலிதான் முதலில் என்று நினைத்திருந்தேன். கணக்கு அக்காவோ, "ரெண்டு நாள் நான் நோட்டுல எழுதிக்குவேன், சம்பளத்தைப் பாருங்க" என்றார். எங்கள் ஊரில் சம்பளம் வாரச் சம்பளம். பீஸ் ரேட் கணக்கு வெள்ளிக்கிழமை நின்றால் சனிக்கிழமை ஆட்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்கள். அடுத்தது இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட். தூத்துக்குடியில் கப்பலுக்கான கெடு தவறினால் சரக்கு அடுத்த கப்பலுக்குத்தான். அதன் பிறகு பேட்டர்ன், கடைசியில் டேலி. இந்த வரிசையை எந்த மென்பொருளும் எனக்குச் சொல்லியிருக்காது.

உள்ளே வரும் வழிகளைத் தேடியபோது கிடைத்ததுதான் தூக்கத்தைக் கெடுத்தது. 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை செய்ய ரவுட்டரில் 3389 போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து விண்டோஸ் மெஷினுக்குள் நுழையும் வழியை, திறந்து விட்டிருந்தோம், மூடவே இல்லை. சர்வரின் ஈவென்ட் வியூவரில் 4625 என்ற எண்ணை வடிகட்டிப் பார்த்தேன். தோற்றுப்போன லாகின் முயற்சிகளை அந்த எண்ணில்தான் விண்டோஸ் பதியும். அட்மின், டெஸ்ட், யூசர் என்று பெயரை மாற்றி மாற்றி, சில நொடிக்கு ஒரு முறை, ராத்திரி முழுக்க யாரோ கதவைத் தட்டியிருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் போர்ட்டை மூடினேன். வெளியிலிருந்து வர வேண்டியவர்களுக்கு இப்போது விபிஎன் என்ற பாதுகாப்பான தனி வழி, அதோடு போனில் வரும் இரண்டாவது சரிபார்ப்பு எண்.

கூடுதல் டிஸ்க் வாங்கப் பணம் கேட்கும்போது முதலாளியிடம் மெர்ஸ்க் கப்பல் கம்பெனியின் கதையைச் சொன்னேன். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற வைரஸ் தாக்கியபோது, யார் எதற்குள் நுழையலாம் என்று பார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் உலகம் முழுக்க அவர்களுக்கு ஒட்டுமொத்தமாகப் போயின. கானாவில் ஒன்று மட்டும் தப்பியது. அந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை, அதனால் அது நெட்வொர்க்கில் இல்லை. அதை வைத்துத்தான் மீண்டார்கள். முதலாளி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரெண்டு டிஸ்க் வாங்கிரு" என்றார். இப்போது ஒன்று சர்வரில், ஒன்று பீரோவில். வெள்ளிக்கிழமைதோறும் மாற்றுகிறோம். மூன்றாவது பிரதி, நாங்களே நினைத்தாலும் முப்பது நாளுக்கு அழிக்க முடியாதபடி கிளவுடில் இருக்கிறது.

தாக்கினால் யார் என்ன செய்வது என்பதை ஒரே தாளில் எழுதி, பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினோம். ஃபைலாக வைத்தால் அதுவும் பூட்டிக்கொள்ளும். நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கு, வைஃபையை நிறுத்து, மெஷினை ஆஃப் செய்யாதே, எனக்குப் போன் செய். மெஷின் ஓடினால்தான் மெமரியில் தடயம் மிஞ்சும். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவுப்படி, தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களிடம் தெரிவிக்க வேண்டும். அவர்களுடைய எண்ணும் அந்தத் தாளில் இருக்கிறது. லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் அதே உத்தரவு சொல்கிறது. எங்கள் ரவுட்டர் சில நாள்தான் வைத்திருந்தது, அதற்குத் தனியாக ஏற்பாடு செய்தேன்.

ஐப்பசியில் மறுபடி ரீஸ்டோர் செய்து பார்த்தோம். சம்பளமும் ஷிப்பிங் பேப்பர்களும் 5 மணி நேரத்தில் ஓடின, மற்றவை மறுநாள் மத்தியானம். டேலியைத் திறந்த அக்கா, முந்தின நாள் ட்ரையல் பேலன்ஸை, அதாவது எல்லாக் கணக்குகளின் மீதித் தொகைகளை, துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. பையருக்கு "ஷிப்மென்ட் வேலை 8 மணி நேரம், முழுவதும் 2 நாள்" என்று எழுதி அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள்.

பேட்டர்னை வெட்டும் கட்டிங் பிளாட்டர் மெஷின் மட்டும் இன்னும் விண்டோஸ் 7-இல்தான் ஓடுகிறது. அந்த மெஷினுக்குப் புதிய டிரைவர் கிடையாது. 2020 ஜனவரியோடு விண்டோஸ் 7-க்கு வழக்கமான அப்டேட்டும் நின்றுவிட்டது. நெட்வொர்க் ஒயரைக் கழற்றிவிட்டு, அதற்கென்றே வைத்திருக்கும் ஒரு பென் டிரைவில் ஃபைல் கொண்டுபோகிறோம். புது பிளாட்டருக்கு விலை கேட்டிருக்கிறோம். அது வரும்வரை, சிசெட்டில் அப்டேட் பற்றிய கேள்விக்கு என் பதில் "இல்லை"தான்.