எஃப்எம்ஜிஇ: போன இரண்டு மார்க்கும் பெயரில் நுழைந்த ஒரு எழுத்தும்

148. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் டாக்டராகப் பதிவு செய்ய எழுதுகிற எஃப்எம்ஜிஇ தேர்வில் தேற 300-க்கு 150 வேண்டும் என்பது இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கு இரண்டு மார்க் குறைவு. அந்த இரண்டும் எந்தக் கேள்வியில் போனது என்று அன்றைக்கும் தெரியவில்லை, அப்புறம் தேறி சான்றிதழ் கையில் இருக்கிற இன்றைக்கும் தெரியவில்லை.

ரிசல்ட் வந்த அன்று அப்பா கேட்ட முதல் கேள்வியே, "பிளஸ் டூ பரீட்சைக்கே விடைத்தாள் ஜெராக்ஸ் குடுக்கிறாங்க, டாக்டர் பரீட்சைக்குக் குடுக்க மாட்டாங்களா?" கொடுக்க மாட்டார்கள் அப்பா. தேர்வுக்கான தகவல் புல்லட்டினிலேயே தெளிவாகப் போட்டிருக்கிறார்கள்: மறுகூட்டல் இல்லை, மறுமதிப்பீடு இல்லை. கேள்வித்தாளும் வெளியே வராது. போதாததற்கு, கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று விண்ணப்பிக்கும்போதே நாம் ஒப்புதல் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பத்தியை யாரும் படிப்பதில்லை, டிக் அடித்துவிட்டுப் பணம் கட்டப் போய்விடுகிறோம்.

அப்படி ஒப்புதல் கொடுத்த பிறகும் நடப்பது என்ன என்பது ஊரறிந்த ரகசியம். தேர்வு முடிந்த அன்று சாயங்காலமே ஒவ்வொரு கோச்சிங் ஆப்பும் 'ரீகால்' என்று ஒரு பட்டியலைப் போட்டுவிடும். பையன்கள் நினைவிலிருந்து சொன்னதை வைத்துத் தயாரித்தது. நானும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரிபார்த்தேன். ஒரு பாம்புக்கடி கேள்வி, ஒரு ஆப்பில் விடை 'பி', இன்னொன்றில் 'டி', மூன்றாவதில் கேள்வியே வேறு மாதிரி இருக்கிறது. முதல் ஆப் கணக்குப்படி நான் தாராளமாகப் பாஸ், இன்னொன்றின்படி விளிம்பில் தொங்குகிறேன். உண்மையான விடைக்குறிப்பு இல்லாத இடத்தில் இவர்கள் வைத்ததுதான் சட்டம். இதற்கும் சந்தா கட்டியாக வேண்டும்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கூட்டம், "ஒழுங்காப் படிச்சா எதுக்குங்க விடைக்குறிப்பு?" என்று வந்துவிடும். தேர்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2002-லிருந்து இருக்கிற தேர்வு, உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. நெகட்டிவ் மார்க் கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், பாதி எடுத்தால் போதும். இதைத் தாண்டாதவன் ஊசி போடக் கூடாது என்றால் அது நியாயம்தான். ஆனால் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் எழுதுகிற நீட்டுக்கு ஓஎம்ஆர் நகல் தருகிறார்கள், விடைக்குறிப்பு தருகிறார்கள், தவறென்று பட்டால் கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். வெளிநாட்டில் மருத்துவம் முடித்துவிட்டு வந்தவனுக்கு மட்டும் ஒரே ஒரு எண்ணும், பாஸா ஃபெயிலா என்பதும் போதுமா? விளிம்பில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு ஒரு தவறான கேள்வி வாழ்க்கையில் ஆறு மாதத்தைத் தின்றிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பிஜி எழுதுகிறவர்கள் இதற்காகக் கோர்ட் வரை போனார்கள். 2024-ல் இரண்டு ஷிஃப்ட் வைத்து மதிப்பெண்ணைச் சமன்படுத்தியதில் ஆரம்பித்த சண்டை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கச்சா மதிப்பெண் (சமன்படுத்துவதற்கு முன்பு எடுத்தது), விடைக்குறிப்பு, சமன்படுத்தும் சூத்திரம் எல்லாவற்றையும் வெளியிடச் சொன்னது. அந்த வருடத் தேர்வையே ஒரே ஷிஃப்டாக ஆகஸ்ட் 3-ம் தேதி நடத்த வேண்டியதாயிற்று. விடைக்குறிப்பும் வந்தது. எப்படி வந்தது தெரியுமா? கேள்வியின் அடையாள எண், அதற்கு நேராக விடை, அவ்வளவுதான். கேள்வி இல்லை. நீளமான ஓர் எண்ணுக்கு விடை 'சி' என்று தெரிந்து என்ன செய்ய? அவர்களுக்கு அதாவது கிடைத்தது என்று பெருமூச்சு விடுகிற நிலையில் நாங்கள் இருக்கிறோம்.

இந்த மூடுமந்திரத்தில் லாபம் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் ஒரு போன். "148 தானே சார், ரெண்டு மார்க்குதானே, உள்ள ஆள் இருக்கு." என் மார்க் அவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நிமிடம் ஆடிப்போனேன். ரோல் நம்பரோடு மார்க் பட்டியல் பொதுவில் கிடக்கிறது, என் நம்பர் எங்கிருந்தோ விற்கப்பட்டிருக்கிறது. இப்படி போன் வந்தால் ஒரு வார்த்தை பேசாதீர்கள், வைத்துவிட்டு நம்பரைக் குறித்துக்கொண்டு சைபர் கிரைம் 1930-க்குச் சொல்லுங்கள். தெரிந்த குடும்பம் ஒன்று நகையை அடகு வைக்கிற வரை போய்விட்டது.

சரி, தேர்வு மையத்துக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், ஊருக்கு வெளியே ஒரு கட்டிடம். காலைப் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போது என் கணினி உறைந்துவிட்டது. கையைத் தூக்கினேன், கண்காணிப்பாளர் வந்தார், "ரீஸ்டார்ட் ஆயிடும் இருங்க" என்றார், ஆகவில்லை. வேறு கணினிக்கு மாற்றினார்கள். குறித்த விடைகள் அப்படியே இருந்தன, அது நிம்மதி. கடிகாரம் மட்டும் நான் விட்ட இடத்தில் நிற்கவில்லை என்று இன்றும் சத்தியம் செய்வேன். கேட்டால், "சர்வர்ல கரெக்டாதான் இருக்கும்". எழுதித் தாருங்கள் என்றேன், சிரித்தார். நம்மிடம் கைக்கடிகாரம் கிடையாது, பேனா கிடையாது, அவர்கள் கொடுத்த காகிதத்தையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். எதை வைத்து நிரூபிப்பது?

அதனால் அடுத்து எழுதப் போகிறவர்களுக்கு: உட்கார்ந்ததும் கணினியின் எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். உறைந்தால் முதலில் திரையில் மீதி நேரம் எவ்வளவு என்று சத்தமாகச் சொல்லுங்கள், பக்கத்தில் இருக்கிற இரண்டு பேர் காதில் விழட்டும். புதுக் கணினியில் தொடங்குவதற்கு முன்பு நேரத்தைப் பாருங்கள், குறைந்திருந்தால் பதிலைத் தொடாமல் அப்போதே கையைத் தூக்குங்கள். வெளியே வந்த பிறகு மெயில் போட்டுப் பிரயோஜனம் இல்லை, மையத்தின் குறிப்பில் ஏறினால்தான் அது நடந்ததாகக் கணக்கு. அடுத்த தடவை பக்கத்து வரிசைப் பெண்ணுக்கு இதே மாதிரி ஆனபோது அவர் விடாமல் நின்று பதிவு செய்ய வைத்தார், நேரமும் திரும்பக் கிடைத்தது. எனக்கே கிடைத்த மாதிரி சந்தோஷமாக இருந்தது.

தேறினேன். ஜி.டி. ரயிலில் டெல்லி போய் துவாரகாவில் உள்ள தேர்வு வாரிய அலுவலகத்தில் முகத்தைக் காட்டிச் சான்றிதழ் வாங்கியது ஒரு மணி நேர வேலை. சிக்கல் ஊர் திரும்பிய பிறகுதான்.

நான் படித்தது ரஷ்யாவில். என் பெயரில் ஆங்கில 'எச்' ஒன்று உண்டு. டிப்ளமோவில் அதை ரஷ்ய எழுத்தில் எழுதி, மொழிபெயர்ப்பாளர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கியபோது 'கேஎச்' ஆக்கிவிட்டார். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், டிப்ளமோ மொழிபெயர்ப்பில் ஒரு பெயர். ஆதாரில் அப்பா பெயர் இனிஷியலாக நிற்கிறது, அது மூன்றாவது. தேர்வு விண்ணப்பத்தில் தட்டாத இது, டாக்டராகப் பதிவு செய்யப் போன மாநில மருத்துவ கவுன்சில் கவுன்ட்டரில் தட்டியது. "தம்பி, இது வேற ஆளு மாதிரி இருக்கே" என்றார் அந்த அலுவலர். கேலி செய்கிறாரா நிஜமாகச் சொல்கிறாரா என்றே தெரியவில்லை. என்ன தாள் கொண்டுவந்தால் ஏற்பீர்கள் என்று கேட்டால், "அதை நீங்கதான் பாக்கணும்". மறுபடி போனால் அவர் லீவு.

அவர்கள் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது, மறைக்க வேண்டாம். இந்தத் தேர்வில் தேறாமலேயே பல மாநில கவுன்சில்களில் பதிவு வாங்கியதாக 73 பேர் மீது 2022 டிசம்பரில் சிபிஐ வழக்குப் போட்டு 91 இடங்களில் சோதனை நடத்தியது. அதற்கப்புறம் ஒரு எழுத்து மாறினாலும் யாரும் கையெழுத்துப் போடத் துணிவதில்லை. உள்ளே ஓட்டை விட்டவர்கள் வேறு யாரோ, வாசலில் நிற்பது நாம்.

வழி சொன்னது எங்கள் யுனிவர்சிட்டியில் சீனியராக இருந்த ஒரு அக்கா. அஃபிடவிட்டை நம்பாதே, மொழிபெயர்ப்பையே மாற்று என்றார். ரஷ்ய மூலத்தில் தவறில்லை, ஆங்கிலத்தில்தான் தவறு. அங்கே இருந்த ஜூனியர் பையனிடம் பாஸ்போர்ட் நகலை அனுப்பி, அதில் உள்ள எழுத்துப்படியே மறுபடி மொழிபெயர்க்க வைத்து, நோட்டரி, அபோஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக ஆவணத்தில் ஒட்டுகிற அரசுச் சான்று) எல்லாம் முடித்து வாங்கினேன். அதே அலுவலர் பூதக்கண்ணாடி வைக்காத குறையாகப் பார்த்துவிட்டு, "இத மொதல்லயே கொண்டு வந்திருக்கலாமே" என்றார்.

இன்னும் அங்கே படித்துக்கொண்டிருக்கிறவர்கள் டிப்ளமோ வாங்குகிற அன்றே மொழிபெயர்ப்பாளரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்து, ஒவ்வொரு எழுத்தையும் அவர் எதிரிலேயே சரிபார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள். அபோஸ்டில் ஒட்டிய பிறகு திருத்த முடியாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.