முள்ளு சொன்னதும் பிள்ளை எழுதினதும்

பங்குனிக் கடைசியில் எங்களுக்குக் காசு தருகிற இடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கடைசி இரண்டு பிரிவு மாணவர்களின் அடைவு என்ன, படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே, என்ன செய்கிறார்கள் என்று மூன்று மாதத்தில் அறிக்கை வேண்டுமாம். கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு சின்னப் பயிற்சி நிலையத்தில் தாதிய உதவியாளர் பாடநெறி படிப்பிக்கிறேன். என்விகியூ, அதாவது தேசிய தொழில் தகைமை, நான்காம் மட்டம். முடிவில் வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்து ‘தகுதி’ அல்லது ‘இன்னும் தகுதி பெறவில்லை’ என்று போட்டுவிட்டுப் போவார். அதற்கு முதல் எங்கள் சொந்தச் செய்முறைப் பரீட்சை. அறிக்கை என் தலையில் விழுந்தது. எக்செல் தெரிந்தவள் என்பதுதான் நான் செய்த குற்றம்.

அடைவுப் பகுதி அரை நாளில் முடிந்தது. நாங்கள் வைப்பது ஓஸ்கி முறைப் பரீட்சை. ஸ்கொட்லாந்தின் டண்டீயில் ஹார்டனும் கூட இருந்தவர்களும் 1975இல் எழுதி வைத்த அதே முறைதான்: மணி அடித்தால் அடுத்த மேசை, மேசைக்கு ஒரு வேலை, பரிசோதகர் கையில் சரி போடுகிற ஒரு தாள். பிரஷர் பார்க்கிற மேசையில் ஒரு பிள்ளைகூட 80 புள்ளிக்குக் கீழே இல்லை. அந்த நிரலைப் பச்சை நிறமாக்கி வைத்தேன். நல்ல வடிவாக இருந்தது.

படித்து முடித்தவர்களைத் தேடுவதுதான் பாடாய்ப் போனது. எங்களிடம் இருந்த நம்பர்களில் பாதி வேலை செய்யவில்லை. சிம் மாற்றியிருப்பார்கள், கலியாணம் முடித்துச் செட்டிகுளம் பக்கம் போயிருப்பார்கள். ஒருத்தியின் நம்பரில் அவளுடைய மாமா எடுத்து “நீங்கள் ஆர், என்னத்துக்கு?” என்று கால் மணித்தியாலம் விசாரித்தார். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போன இடத்தில், போன் எடுக்காத மூன்று பேரை ஒரே இரவில் பிடித்தேன். அதில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “வேலை கிடைக்கேல்ல மிஸ், கார்மென்ட்ஸுக்குப் போறன். அதான் உங்கட கோலை எடுக்கேல்ல.”

அதுவரை வந்த பதில்களைக் கொண்டு பார்த்தால் அனேகமாக எல்லோரும் துறைசார் வேலையில்தான். பின்னே? வேலை கிடைத்தவள்தானே மிஸ்ஸின் போனை எடுப்பாள். எடுக்காதவர்களை வீடு வீடாகத் தேடிப் போன பிறகு அந்த விகிதம் நன்றாக இறங்கியது. கார்மென்ட்ஸில் லைனில் ஆராவது மயங்கி விழுந்தால் இவளைத்தான் கூப்பிடுகிறார்களாம். அதற்கு என் படிவத்தில் பெட்டி இல்லை. ‘துறைக்கு வெளியே’ என்று போட்டேன். இப்பவும் மனதுக்கு ஒப்பவில்லை.

அடுத்தது, வேலை கொடுத்தவர்களுக்கான படிவம். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை. திரும்பி வந்த படிவம் எல்லாம் ஐந்து, ஐந்து, ஐந்து. முதியோர் இல்லத்து அம்மா எல்லாவற்றுக்கும் ஒரே நீளக் கோடு இழுத்து ஐந்தில் முடித்திருந்தார். அவரிலும் பிழை சொல்ல ஏலாது. அந்தப் பிள்ளையின் தாயைக் கோயிலில் காணுகிறவர், கடதாசியில் மூன்று போடுவாரா? படிவத்தை மூடி வைத்துவிட்டு நேரில் போய் ஒரேயொரு கேள்வி கேட்கத் தொடங்கினேன்: “எங்கட பிள்ளை செய்த வேலையில எதையாவது நீங்கள் திரும்ப ஒருக்காச் செய்து பாக்கிறனீங்களோ?”

முதலாவது டிஸ்பென்சரியிலேயே டொக்டர் சிரித்தார். “பிள்ளை தங்கம். பிரஷரை மட்டும் நான் திரும்பப் பாக்கிறனான்.”

ஏன் என்று கேட்டேன். பேசாமல் நோயாளர் பெயர் வரும் நிரலை ஒரு கடதாசியால் மறைத்து, பிரஷர் எழுதுகிற கொப்பியைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். 120/80, 130/80, 140/90, 120/70, 130/80. பக்கம் முழுக்கச் சைபர். இடைக்கிடை ஒரு 125, ஒரு 135. அங்கே இருந்தது முள்ளு வைத்த சாதாரண மெஷின். அதில் கோடு இரண்டு இரண்டாகத்தான் போகும்: 120, 122, 124. ஒழுங்காகப் பார்த்தால் கடைசி இலக்கம் சைபராக வருவது ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்க வேண்டும். 125க்கு அந்த மெஷினில் கோடே கிடையாது. இருந்த இடத்திலேயே இரண்டு பக்கத்தை எண்ணினேன். அறுபது வாசிப்பில் நாற்பத்தேழு சைபரில் முடிந்தன.

இது சின்ன விஷயமில்லை. 140/90 என்பது வைத்தியர் நிமிர்ந்து உட்காருகிற எல்லை. 136ஐ 140 என்று எழுதினால் ஒருவருக்குத் தேவையில்லாத பயம். 144ஐ 130 என்று எழுதினால் இன்னொருவர் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார்.

அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். ஒளிக்கவில்லை. “சனம் நிறைய மிஸ். காத்தைத் திறந்துவிட்டா முள்ளு விறுவிறெண்டு விழுது. சத்தம் கேக்கிற இடத்தில கிட்ட இருக்கிற பெரிய கோட்டை எழுதுவன்.” முள்ளு செக்கனுக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் இறங்குகிற அளவாகக் காற்றை விட வேண்டும். 180இலிருந்து 70 வரை இறங்க முக்கால் நிமிடமளவு பிடிக்கும். அவள் பத்துச் செக்கனில் இறக்கிக்கொண்டிருந்தாள். வேறு இரண்டு இடத்துக் கொப்பியிலும் இதே கதை. மூன்று பேரும் என்னிடம் படித்தவர்கள்.

வீட்டுக்கு வந்து எங்கள் சரிபார்ப்புத் தாளை எடுத்துப் பார்த்தேன். கை கழுவினார், சரி. நோயாளிக்கு விளக்கினார், சரி. முதுகுக்குச் சாய்வும் காலுக்கு நிலமும் இருந்தன, சரி. பட்டியைச் சரியான உயரத்தில் கட்டினார், சரி. வாசிப்பைப் பதிந்தார், சரி. பதிந்த வாசிப்பு உண்மையா என்று ஒரு வரியும் இல்லை. இருக்கவும் முடியாது, ஸ்ரெதஸ்கோப் பிள்ளையின் காதில், பரிசோதகர் எதைக் கண்டார்? ‘120/80’ என்று வாய் கூசாமல் சொன்ன எல்லோருக்கும் முழுப்புள்ளி போட்டிருக்கிறோம். கை கழுவுதலும் அப்படித்தான். “இப்ப கை கழுவுறன்” என்று சொல்லிக்கொண்டு இரண்டு தரம் கையைத் தேய்த்தால் சரி போட்டோம். சவர்க்காரம் போட்டால் 40 தொடக்கம் 60 செக்கன் என்று சுவரில் ஒட்டியதும் நாங்கள்தான்.

மருத்துவக் கல்வியாளர் மில்லர் 1990இல் சொன்ன நான்கு படியை நான் ஒவ்வொரு பிரிவுக்கும் கரும்பலகையில் கீறுகிறவள்: தெரியும், எப்படியென்று தெரியும், செய்து காட்டுவார், செய்கிறார். எங்கள் ஓஸ்கி மூன்றாம் படியை அளக்கிறது என்று நினைத்திருந்தேன். பிரஷர் மேசையில் அது இரண்டாம் படியைத்தான் அளந்திருக்கிறது, கொஞ்சம் நடிப்போடு.

அறிக்கையிலிருந்து பச்சை நிரலை நீக்கவில்லை. பக்கத்தில் கொப்பிக் கணக்கைப் போட்டு, இரண்டும் ஏன் ஒத்துவரவில்லை என்று ஒரு பக்கம் எழுதினேன். பொறுப்பாளர் “இதைப் போடத்தான் வேணுமோ?” என்று இரண்டு தரம் கேட்டார். போட்டேன். காசு தருகிற இடத்திலிருந்து ‘கிடைத்தது, நன்றி’ என்று பதில் வந்தது. வாசித்தார்களோ தெரியாது.

இந்த முறைப் பரீட்சைக்கு, ஒரு குழலிலிருந்து இரண்டு பேர் கேட்கக்கூடிய ஸ்ரெதஸ்கோப் ஒன்று கடன் வாங்கினேன். பிள்ளை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இருவரும் தனித்தனியே எழுத வேண்டும். நாலுக்கு மேல் வித்தியாசமென்றால் அந்த மேசை திரும்ப. பிரஷருக்கு மருந்து எடுக்கிற, அயலில் இருக்கிற மூன்று ஐயாமாரைக் கேட்டுக் கூட்டி வந்தோம். ஆளுக்குச் சாப்பாடும் பஸ் காசும். ஒரு ஐயாவிடம் ஏழெட்டுப் பிள்ளைகள், இடைக்கிடை ஓய்வு, கை மாற்றி மாற்றி.

ஒரு நாளில் ஒருவரின் பிரஷர் இவ்வளவு மாறும் என்று படித்திருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றுதான். காலையில் முதல் பிள்ளை பதறிப் பதறிப் பார்த்தபோது ஐயாவும் சேர்ந்து பதறினார்: என் கடதாசியில் 158/92, பிள்ளையின் கடதாசியில் 156/92. மத்தியானம் கடைசிப் பிள்ளைக்கு 138/84. முதலே ஒருவர் பார்த்து ஒரு ‘சரியான விடை’ எழுதி வைத்திருந்தால் பாதிப் பேரைப் பிழை என்று விட்டிருப்போம். அன்று நான்கு பேர் திரும்பச் செய்தார்கள், ஒருத்தி மூன்று தரம். கடைசிப் பிள்ளை பட்டியைக் கழற்றும்போது ஐயா கதிரையிலேயே நித்திரை.