வால்பாறை மழைக்குறிப்புகள்

ஜூன் 16

ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி நேற்று சாயங்காலம் வந்து சேர்ந்தோம். மழை விட்டபாடில்லை. சரி, தவளை தேட இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

கீழிருந்து பார்த்தால் எல்லாம் பச்சை. ஏறி வந்தால்தான் தெரிகிறது, பெரும்பகுதி தேயிலை. நடுநடுவே சின்னச் சின்னத் திட்டுகளாகச் சோலைக்காடு. அந்தத் திட்டுகளில் இன்னும் எது உயிரோடு இருக்கிறது என்று எழுதிவைக்கத்தான் வந்திருக்கிறோம்.

ஜூன் 17

ராத்திரி ஏழு மணிக்குச் சோலைக்குள் போனோம். புதர்த்தவளையைக் கண்ணால் தேடினால் விடிந்துவிடும். கட்டைவிரல் நுனியளவுதான் இருக்கும். காதால்தான் பிடிக்க வேண்டும். நான் ‘டிக் டிக்’ என்ற ஒரே குரலைக் கேட்டு எழுதப்போனேன். கூட வந்த காடர் பழங்குடி அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார். “தம்பி, மேல கூப்பிடுறது ஒண்ணு, கீழ கூப்பிடுறது வேற. நல்லாக் கேளுங்க.”

அறைக்குத் திரும்பிப் பதிவைப் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னது சரி, இரண்டு குரல்கள். ஒன்றுக்குப் பெயர் தெரிந்தது. மற்றதை ‘குரல் 2’ என்று எழுதியிருக்கிறேன்.

இந்தத் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேராகக் குட்டித்தவளை வரும். குளம் வேண்டாம், ஆனால் காற்றிலும் இலையிலும் ஈரம் காயவே கூடாது. மேலே மரக்கூரை போனால் அந்த ஈரம் போய்விடும், அப்புறம் தவளை எங்கே இருக்கும்?

ஜூன் 19

ஓரமாக இருந்த சின்னத் திட்டு. நான்கு பேர், இரண்டு மணி நேரம். ஒன்றுகூட இல்லை.

தாளில் ‘0’ என்று எழுதினேன். புதிதாக வந்த தம்பி, “இதையும் எழுதணுமாண்ணா?” என்றான். இதைத்தான் முக்கியமாக எழுத வேண்டும் என்றேன். எழுதாவிட்டால், பத்து வருஷம் கழித்து வருகிறவருக்கு இங்கே தவளை இல்லாமல் போனதா, யாரும் தேடவே இல்லையா என்று எப்படித் தெரியும்?

ஜூன் 20

கனமழை. போகவில்லை.

ஜூன் 22

காலையில் சாலையில் ஒரு கேடயவால் பாம்பு நசுங்கிக் கிடந்தது. மண்ணுக்குள்ளேயே வாழும் உயிர், விஷம் கிடையாது. தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் இந்தக் குடும்பம் உலகில் வேறெங்கும் இல்லை. மழை பெய்ததால் மண்ணுக்கு மேலே வந்திருக்கிறது. படம் எடுத்து, இடம், நேரம், நீளம் குறித்துக்கொண்டு ஓரமாக எடுத்துப் போட்டேன். மனசு ஆறவில்லை.

புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். எங்கே கடக்கின்றன என்று நின்று பார்த்தவர்கள் இருந்தால்தான் பாலத்தை எங்கே கட்டுவது என்று தெரியும். பாம்புக்கு அப்படிப் பாலம் கட்ட முடியாது. மழை ராத்திரிகளில் எந்த வளைவில் வண்டி மெதுவாகப் போக வேண்டும் என்றாவது நம்மால் சொல்ல முடியும்.

ஜூன் 24

இதே மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் ஊதாத்தவளைக்கு அறிவியல் பெயர் கிடைத்தது 2003இல்தான். அதன் நெருங்கிய சொந்தங்கள் இருப்பதோ கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில். 2014இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலிருந்து 14 நடனத்தவளைகளை ஒரே ஆய்வில் புதிதாக விவரித்தார்கள். இத்தனை காலமும் அவை இங்கேதான் காலை நீட்டி ஆடிக்கொண்டிருந்தன. இதை நினைத்தால் ‘குரல் 2’ தூங்கவிட மாட்டேன் என்கிறது.

காடர் அண்ணன் அந்தக் குரலை ஓடைக்கு மேலேயும் கேட்டிருக்கிறாராம். பேட்டரிக்குச் சார்ஜ் போட்டாயிற்று. ஏழு மணிக்குக் கிளம்புகிறோம்.