இஃப் வாக்கியத்தில் பாஸ்ட் டென்ஸ் நேற்றைப் பேசுவதில்லை

ஆங்கில இலக்கணத்தில் கண்டிஷனல், அதாவது 'இஃப்' வரும் நிபந்தனை வாக்கியம், என்றதும் பலர் மூன்று சூத்திரங்களை உருப்போட்டுக்கொண்டு தேர்வுக்குப் போகிறார்கள். கோடிட்ட இடத்தை நிரப்ப அது போதும். பிழை கண்டுபிடிக்கும் வினாவில் கைவிட்டுவிடும். எந்த வடிவம் வரும் என்று சொல்லும் சூத்திரம், ஏன் வருகிறது என்று சொல்வதில்லை.

'இஃப் ஐ ஹேட் எ கார், ஐ வுட் டிரைவ்' என்று ஒருவர் சொன்னால் அவரிடம் இப்போது கார் இல்லை. இங்கே 'ஹேட்' நேற்றைப் பற்றிய பேச்சு அல்ல, கற்பனை என்பதற்கான அடையாளம். தமிழ் பேசுபவருக்கு இது புதிதும் அல்ல. 'நாளை மழை பெய்தால்' என்கிறோம். 'பெய்த்' இறந்தகால அடி, பேச்சோ நாளையைப் பற்றி. ஆனால் நடக்கக்கூடியதற்கும் நடக்காததற்கும் நமக்கு அதே 'பெய்தால்'தான். ஆங்கிலம் இரண்டையும் வெவ்வேறு வடிவத்தில் சொல்லும். தடுக்கி விழுவது இங்கேதான்.

அதனால் மெயின் கிளாஸை, அதாவது 'இஃப்' இல்லாத முதன்மைப் பகுதியை, முதலில் படியுங்கள். அங்கே 'வில்' இருந்தால் இஃப் பக்கம் பிரசென்ட். 'வுட்' உடன் வெறும் வினை இருந்தால் பாஸ்ட். 'வுட் ஹேவ்' இருந்தால் பாஸ்ட் பெர்ஃபெக்ட், அதாவது 'ஹேட்' உடன் பார்ட்டிசிபிள் ('நோன்', 'டேக்கன்' போன்ற வினையின் மூன்றாம் வடிவம்). 'இஃப் இட் வில் ரெயின்', 'இஃப் ஐ வுட் ஹேவ் நோன்' இரண்டும் பிழை கண்டுபிடிக்கும் வினாக்களில் அடிக்கடி வருபவை. நிபந்தனைப் பக்கத்தில் 'வில்', 'வுட்' வராது என்பதே பொது விதி. விலக்கு உண்டு: 'ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்' சரியான வாக்கியம். அந்த 'இஃப்' நிபந்தனை அல்ல, 'வருவானா என்று' என்ற பொருள். 'இஃப் யூ வில் வெயிட் ஹியர்' என்று பணிவாகக் கேட்பதும் சரி. அங்கே 'வில்' சம்மதத்தைக் குறிக்கிறது.

சூத்திரத்தை மட்டும் நம்பியவர்கள் சிக்கும் இன்னோர் இடம் கலப்பு வகை. 'இஃப் ஐ ஹேட் டேக்கன் தி மெடிசின், ஐ வுட் பி வெல் நவ்.' மருந்து சாப்பிடாதது அன்று, உடம்பு சரியில்லாதது இன்று. மெயின் கிளாஸில் 'நவ்', 'டுடே' கண்ணில் பட்டால் 'வுட் ஹேவ்' பக்கம் போகுமுன் ஒரு நொடி நில்லுங்கள்.

கற்பனை என்றால் 'ஐ', 'ஹி', 'இட்' எல்லாவற்றுக்கும் 'வேர்': 'இஃப் ஐ வேர் யூ'. பேச்சில் 'வாஸ்' காதில் விழும்; தேர்வில் 'வேர்' எழுதுவதே பத்திரம். அதற்காக 'இஃப்' பார்த்த இடமெல்லாம் 'வேர்' போடுவது அதைவிட மோசம். 'இஃப் ஹி வாஸ் தேர் யெஸ்டர்டே, ஹி மஸ்ட் ஹேவ் சீன் இட்' என்பதில் கற்பனை இல்லை. அவன் நேற்று அங்கே இருந்திருக்கலாம். 'வாஸ்'தான் சரி.

'ஐ விஷ்', 'ஆஸ் இஃப்', 'இட் இஸ் டைம்' ஆகியவற்றுக்குப் பின்னும் இதே பாஸ்ட் தர்க்கம்தான்: 'ஐ விஷ் ஐ நியூ' என்றால் இப்போது தெரியாது, 'ஐ விஷ் ஐ ஹேட் நோன்' என்றால் அப்போது தெரியவில்லை.

கற்பனை, கட்டளை, வேண்டுகோள் ஆகியவற்றைக் காட்டும் வினை வடிவத்தைச் சப்ஜங்டிவ் என்பார்கள். அதில் உண்மையான கண்ணி வேறு இடத்தில் இருக்கிறது. 'தி டாக்டர் இன்சிஸ்டட் தட் ஹி ஸ்டே இன் பெட்.' 'ஸ்டேஸ்' அல்ல, 'ஸ்டேட்' அல்ல. மெயின் கிளாஸ் பாஸ்ட் என்றால் அடுத்ததும் பாஸ்ட் என்று படித்த கை தானாக 'ஸ்டேட்' எழுதிவிடும். டிமாண்ட், ரெக்கமெண்ட், சஜஸ்ட், ரிக்வெஸ்ட் போன்ற வினைகளுக்கும், 'இட் இஸ் எசென்ஷியல்', 'இட் இஸ் வைட்டல்' போன்ற தொடர்களுக்கும் பின்னால் 'தட்' வந்து, பொருள் கட்டளையாகவோ வேண்டுகோளாகவோ இருந்தால் வினை மூல வடிவிலேயே நிற்கும். எதிர்மறையில் 'தட் ஹி நாட் கோ'. 'டஸ்', 'டிட்' எதுவும் வேண்டாம். செயப்பாட்டு வினையில் 'தட் இட் பி சென்ட்'. பிரிட்டிஷ் வழக்கில் 'ஷுட் ஸ்டே' என்றும் எழுதுவார்கள், அதுவும் சரியே.

ஆனால் 'இன்சிஸ்ட்' பார்த்தவுடன் மூல வினையை எழுதிவிடாதீர்கள். 'ஹி இன்சிஸ்டட் தட் ஷி வாஸ் இன்னசன்ட்' என்பதில் 'பி' போட்டால் தப்பு. வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'படுக்கையில் இருக்க வேண்டும் என்று' வந்தால் மூல வினை. 'அவள் குற்றமற்றவள் என்று' எனச் செய்தியாக வந்தால் வழக்கமான டென்ஸ். 'சஜஸ்ட்' வினைக்கும் இதே சோதனை செல்லும்.

'இஃப்' மறைந்து வினை முன்னால் வரும் வாக்கியங்களும் கேட்பார்கள்: 'ஹேட் ஐ நோன்', 'வேர் ஐ யூ', 'ஷுட் யூ நீட் ஹெல்ப்'. எதிர்மறையில் 'நாட்' எழுவாய்க்குப் பின்னால்தான்: 'ஹேட் இட் நாட் ரெயின்ட்'. 'ஹேடன்ட் இட்' என்று சுருக்கக் கூடாது. 'அன்லெஸ்' என்பதில் 'இல்லாவிட்டால்' ஏற்கெனவே அடங்கிவிட்டது. 'அன்லெஸ் யூ டோன்ட் ஒர்க்' என்று எழுதினால் பொருளே தலைகீழாகிவிடும்.